கோட் எழுதாத பட்டறையில் கிட்டுக்கு என்ன வேலை?

பெருந்துறைப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "காலேஜில் ப்ராஜெக்ட் சப்மிட் பண்ண மட்டும்தான் கிட்டைத் தொடுகிறோம். புரோகிராம் எழுதுவதைத் தவிர வேறு எதற்காவது அதை யாராவது உருப்படியாகப் பயன்படுத்துகிறார்களா? எங்கப்பா சின்னதாக சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறார். அங்கே இதற்கு வேலை உண்டா, இல்லை கம்ப்யூட்டர் படித்தவன் காட்டும் படமா?"

வேலை உண்டு தம்பி. படமும் உண்டு, அதையும் சொல்கிறேன். கோயமுத்தூரில் பட்டறைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். கோடுக்கு கிட்டைப் பயன்படுத்தியதைவிட மற்ற கண்றாவிகளுக்குப் பயன்படுத்தியதுதான் இப்போதெல்லாம் எச்சு.

கிட் (Git) என்பது ஃபைல்களில் ஆகும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள். முதலில், அது என்ன செய்கிறது என்பதை உங்கப்பாவுக்குச் சொல்லும் விதத்தில் சொல்லிவிடுகிறேன். மரம், கிளை என்று ஆரம்பித்தால் அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். நிலத்தை வைத்துச் சொல்லுங்கள், காது கொடுப்பார். காங்கேயத்துப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கப் போனால் என்ன கேட்கிறோம்? தாய்ப்பத்திரம் இருக்குதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா. ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணைச் சொல்லும். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், எந்தத் தேதியில், எதற்காக என்பதும் அதில் இருக்கும். நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் மாறிப் போயிருந்தால் யாரும் பழைய பத்திரத்தைச் சுரண்டி எழுதுவதில்லை. பிழைதிருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று போடுகிறோம். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும், இரண்டும் வில்லங்கத்தில் தெரியும்.

கிட்டில் கமிட், அதாவது ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வது, இந்தப் பத்திரம்தான். கிட் லாக் என்பது வில்லங்கச் சான்று. கிட் ரிவர்ட் என்பது பிழைதிருத்தல் பத்திரம். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தில் ஒரு எண் உண்டு. அது யாரோ கொடுத்த வரிசை எண் கிடையாது. உள்ளே இருக்கும் விஷயத்தையும் தாய் கமிட்டின் எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வருவது. பழைய கமிட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் எண் மாறும், அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றின் எண்ணும் மாறும். அதனால் சத்தமில்லாமல் சுரண்ட முடியாது. பாகப்பிரிவினையைப் பிராஞ்ச் (ஒரே வரலாற்றில் இருந்து தனியாகப் பிரியும் கிளை) என்று வைத்துக்கொள்ளலாம். பாகம் பிரித்த பிறகு மெர்ஜ் ஆன, அதாவது மறுபடி ஒன்று சேர்ந்த, குடும்பத்தை நான் பார்த்ததில்லை, அங்கே மட்டும் உவமை கொஞ்சம் நொண்டும்.

2005 ஏப்ரலில் லினஸ் டொர்வால்ட்ஸ் இதை எழுத ஆரம்பித்தார். லினக்ஸ் கெர்னலுக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பிட்கீப்பர் இனிமேல் அப்படிக் கிடைக்காது என்று ஆனதும், சில நாட்களிலேயே வேலை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு முன்னாலும் இந்த வகைச் சாமான்கள் இருந்தன. 1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைன்ட் செய்த எஸ்.சி.சி.எஸ்.தான் அவற்றில் மூத்தது. கிட்டின் கையேடு அதை 'முட்டாள்' என்றே அறிமுகப்படுத்துகிறது. தன்னிடம் கொடுத்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது என்று அர்த்தம். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த முட்டாள்தனத்தில் இருக்கிறது. சி புரோகிராமும் அதற்கு ஒன்றுதான், கல்யாண மொய்க் கணக்கும் ஒன்றுதான்.

இனி பட்டறைக்கு வருவோம்.

கணபதியில் ஒரு பட்டறை. பம்பு மோட்டாருக்கான ஷாஃப்ட் கடைவதுதான் முக்கிய வேலை. ஐந்து சி.என்.சி. லேத் (புரோகிராம் சொல்கிறபடி தானே கடையும் மெஷின்), இரண்டு ஷிஃப்ட். புரோகிராம் எல்லாம் ஒரு பென்டிரைவில். அதை நான் முதல்முறை திறந்தபோது உள்ளே இருந்த பெயர்கள்: 'ஷாஃப்ட் ஃபைனல்', 'ஷாஃப்ட் ஃபைனல் 2', 'ஷாஃப்ட் ஓகே', 'ஷாஃப்ட் ஓகே புதுசு', 'அண்ணன் சொன்னது'. அண்ணன் என்பது முதலாளி. அவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு லாட் திரும்பி வந்ததுதான். பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ., கே6 பொருத்தம். அதாவது 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் வைத்தால் அளவு சரியாகத்தான் காட்டியது. ஆனால் நகத்தை வைத்து இழுத்தால் வரி வரியாகத் தட்டுப்பட்டது. பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது அந்த மேடெல்லாம் நசுங்கிவிடும், அப்புறம் பிடிப்பு இருக்காது. இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) சரியில்லை என்றார்கள். ராடு வந்த ஹீட் (எஃகு உருக்கிய தொகுதி) சரியில்லை என்றார்கள். கூலன்டைக் கூடக் குறை சொன்னார்கள். இரண்டு நாள் இப்படியே போனது.

கடைசியில் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை வெளியே எடுத்து, பழைய பென்டிரைவில் இருந்த ஐந்து படிகளோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். முந்நூற்றுச் சொச்சம் வரியில் ஒரே ஒரு வரிதான் வேறு. ஃபினிஷிங் வெட்டில் ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் மி.மீ.) 0.12 இருந்த இடத்தில் 0.18.

சுற்றுக்கு 0.06 மி.மீ.தான் கூடியிருக்கிறது, அதனால் என்ன என்று தோன்றும். கடைசல் வேலையில் வரியின் உயரம் ஃபீடின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபீடை ஃபீடால் பெருக்கி, டூல் மூக்கின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது ஏறத்தாழ அந்த உயரம். மூக்கு 0.4 என்றால் 0.12 ஃபீடுக்கு நாலரை மைக்ரான், 0.18-க்குப் பத்து மைக்ரான். ஃபீட் ஒன்றரை மடங்கு ஆனால் சொரசொரப்பு இரண்டேகால் மடங்கு. லாபம்? அந்த ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம்.

யார் மாற்றினது? எல்லோரும் நைட் ஷிஃப்ட் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா மாத்துலீங்ணா. டெஸ்பாட்ச் அவசரம், இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும் ஃபீடக் கூட்டிக்கோன்னு நீங்கதானுங்ணா போன்ல சொன்னீங்க."

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஆமா, சொன்னேன்" என்றார். அந்த 'ராத்திரிக்கு மட்டும்' 23 நாள் ஓடியிருக்கிறது. இரண்டாவது நாளே பையன் ஊர் நோம்பிக்கு லீவு போட்டுப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவனுக்கு 0.18 என்பதுதான் சரியான அளவு என்று எண்ணம்.

இதில் யாரையும் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. மாற்றம் ஃபைலில் இருந்தது, மாற்றத்தின் காரணம் ஒரு போன் பேச்சில் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே கண்ணில் பட்டிருக்கும். நான் கிட்டைப் பட்டறைக்குள் கொண்டுபோனது இந்த ஒன்றுக்காகத்தான். பழைய படியைத் திரும்ப எடுப்பதற்கு கிட் வேண்டியதில்லை, ஒழுங்காகத் தேதி போட்டு காப்பி வைத்தாலே போதும். 'ஏன்' என்ற ஒரு வரியை, மாற்றிய கை ஈரம் காயும் முன்னால் வாங்கி வைக்க ஒரு சாமான் வேண்டும். அதுதான் கமிட் மெசேஜ்.

செய்தது இவ்வளவுதான். மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். மெஷினுக்கு ஒரு ஃபோல்டர். ஷிஃப்ட் முடியும்போது மெஷினில் இருந்து புரோகிராமை எடுத்து அதில் போட்டு, திரையில் இருக்கும் ஒரு படத்தை இரண்டு தட்டு தட்ட வேண்டும். மாற்றம் ஏதும் இருந்தால் ஒரு சின்னப் பெட்டி திறந்து "எதுக்கு மாத்துனீங்க?" என்று கேட்கும். காலியாக விட்டால் மூடாது. பின்னால் 'git add', 'git commit' என்ற கட்டளைகள் ஓடுவது அவர்களுக்குத் தெரியாது. கிட் என்ற பெயரே அங்கே யாருக்கும் தெரியாது, 'பதிவு போடறது' என்பார்கள். இன்டர்நெட் வேண்டாம், கிட்ஹப் (கிட் கிடங்குகளை இணையத்தில் வைக்கும் தளம்) கணக்கு வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் போடும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி புஷ் பண்ணினால் முதல் நாளில் இருந்து எல்லா வரலாறும் அங்கேயும் போய்விடும்.

தம்பி, உங்கப்பா பட்டறையில் இதைச் செய்யப் போனால் மூன்று இடத்தில் அடிபடுவீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கிட்டை நிறுவும்போது வரி முடிவுகளை அதுவாக மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கும். பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்திவிடுவோம். சில பழைய கண்ட்ரோலர்களுக்கு வரி முடிவு வேறு மாதிரி வந்தால் ஒவ்வாது, அலாரம் அடித்து நின்றுவிடும். கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எல்லா ஃபைலுக்கும் டெக்ஸ்ட் மாற்றம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வந்தது வந்தபடி இருக்கும். இரண்டாவது, தமிழில் ஃபைல் பெயர் வைத்தால் கிட் ஸ்டேட்டஸில் அந்தப் பெயருக்குப் பதில் 340, 256 என்று சாய்கோடும் எண்ணுமாக ஒரு வண்டி வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, தமிழ் எழுத்தின் பைட்டுகளை அப்படிக் காட்டுகிறது. core.quotepath என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். மூன்றாவதுதான் பெரியது. புரோகிராமை மட்டும் பதிவு செய்தால் கதையில் பாதிதான் கிடைக்கும். டூல் தேயத் தேய ஆபரேட்டர் தட்டும் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) மெஷினின் நினைவில் இருக்கும், புரோகிராமில் இருக்காது. பல கண்ட்ரோலர்களில் அந்தப் பக்கத்தையும் டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுக்கலாம். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஆறு மாதம் பதிவு சேர்ந்த பிறகு இன்னொரு லாபம் தெரியும். கிட் லாகில் பெரிய எஸ் போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண் எந்தப் பதிவில் உள்ளே வந்தது, எதில் வெளியே போனது என்று மட்டும் பொறுக்கித் தரும். '0.18 எப்போ வந்துச்சு?' என்ற கேள்விக்கு இரண்டு நாள் சண்டைக்குப் பதில் இரண்டு விநாடி.

பட்டறையை விட்டு திருப்பூருக்கு. அங்கே என் கூட்டாளி ஒருத்தர் மெர்ச்சன்டைசர், பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர். பையர் அனுப்பும் அளவு ஷீட் அவருடைய உயிரை வாங்கும். டி-சர்ட் ஒன்றுக்கு இருபது, இருபத்தைந்து அளவு, ஆறு சைஸ். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள் என்று ஒவ்வொரு படியிலும் திருத்திய ஷீட் ஒன்று மெயிலில் வரும். மாற்றிய இடத்தை மஞ்சள் அடித்து அனுப்புவார்கள். மஞ்சள் அடிக்க மறந்த இடத்தில்தான் வினை. அவருக்கு எக்ஸெலை சி.எஸ்.வி. (வெறும் டெக்ஸ்ட் பட்டியல்) ஆக்கி கிட்டில் போடும் ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தேன். வந்த ஷீட்டை அப்படியே உள்ளே போட்டு, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கிட் டிஃப் பார்ப்பார். போன வருஷம் ஒரு ஆர்டரில் நெஞ்சளவு மாற்றத்துக்கு மஞ்சள் இருந்தது, எல் சைஸ் கழுத்தகலம் 18-ல் இருந்து 18.5 ஆனதற்கு இல்லை. கட்டிங் போகும் முன்னால் ஒரு மெயில் போட்டுக் கேட்டார். அங்கேயும் யாரோ தெரியாமல் தட்டியதுதானாம், 18-ஏ வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரை சென்டிமீட்டர்தான். துணி வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் அது கண்டெய்னர் கணக்கு.

கேலி செய்வீர்கள் என்று தெரிந்தே அடுத்ததைச் சொல்கிறேன். மொய் நோட்டு.

பெரியப்பா மகள் கல்யாணத்தில் மண்டபத்து வாசலில் இரண்டு மொய் டேபிள். ஒன்றில் நான், ஒன்றில் மாமன் மகன். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரே பழைய பட்டியலில் இருந்து பிரிந்த இரண்டு பிராஞ்ச். பழைய பட்டியல் என்பது முந்தைய மூன்று விசேஷத்து நோட்டுகளை அக்கா உட்கார்ந்து தட்டெழுதியது. ஊர், பெயர், இன்னார் மகன், தொகை என்று வரிக்கு ஒரு குடும்பம். யாராவது வந்தால் நாம் அவர்களுக்கு முன்னால் என்ன செய்தோம், அவர்கள் என்ன செய்தார்கள் என்பது உடனே தெரியும். ராத்திரி பந்தி முடிந்து மெர்ஜ் போட்டேன். பதினொரு கான்ஃப்ளிக்ட்.

ஒன்பது சுலபம். ஒரே ஆள் பெயரை நான் ஒரு மாதிரி, அவன் ஒரு மாதிரி திருத்தியிருந்தோம். மீதி இரண்டில் ஒரே குடும்பத்துக்கு என் டேபிளில் 1001, அவன் டேபிளில் 501. கிட் இங்கே நின்றுவிடும். இரண்டையும் மேலே கீழே போட்டு, நீயே சொல் என்று கேட்கும். கூட்டிவிடலாமா, ஒன்றை எடுத்துவிடலாமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பெரீப்பா, வெள்ளகோயில் ஊட்டுக்காரங்க ரெண்டு தடவ வெச்சாங்களா?"

"அது அப்பனும் மகனும் கண்ணு. போன ஆடிலதான் தனிக்குடித்தனம் போனான். இனி அவனுக்குத் தனியா எழுதோணும், தனியா திருப்பிச் செய்யோணும்."

ஒரு வரி இரண்டு வரி ஆனது. அந்த மெர்ஜ் கமிட்டில் "மகன் தனிக்குடித்தனம், பெரியப்பா சொன்னது" என்று எழுதி வைத்தோம். பேப்பர் நோட்டாக இருந்தால் இரண்டு நோட்டிலும் ஒவ்வொன்று இருந்திருக்கும், பத்து வருஷம் கழித்து யாரோ ஒருத்தருக்கு முறை விட்டுப் போயிருக்கும். கான்ஃப்ளிக்ட் என்றால் காலேஜில் எல்லோரும் அலறுவீர்கள். விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள் என்று மெஷின் கேட்கும் இடம் அது.

ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி பட்டியலை எக்காரணம் கொண்டும் பொதுவில் ஏற்றாதீர்கள். கிட் மறக்காது என்பதே இங்கே எதிரியாகும். ஏற்றிவிட்டு மறுநாள் அழித்தாலும் பழைய கமிட்டில் இன்னார் எவ்வளவு வைத்தார் என்பது கிடக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வழி உண்டு, ஆனால் அதற்குள் யாராவது க்ளோன் (முழுப் பிரதி) எடுத்திருந்தால் தீர்ந்தது. பாஸ்வேர்டுகளுக்கும் இதே கதிதான். பாஸ்வேர்டை கிட்டில் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஜேசன் டோனன்ஃபெல்டின் 'பாஸ்' போல ஒவ்வொன்றையும் பூட்டி வைக்கும் சாமானோடு வையுங்கள்.

வெளியூர் ஆட்கள் செய்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். 2012-ல் ஸ்டெஃபன் வேர்மெயர் என்பவர் ஜெர்மனியின் கூட்டாட்சிச் சட்டங்களை கிட்டில் போட்டு, எந்தத் திருத்தம் எந்த வரியை மாற்றியது என்று பார்க்கும்படி செய்தார். வாஷிங்டன் டி.சி.யில் அந்நகரக் கவுன்சிலே சட்டத்தை கிட்ஹப்பில் வைத்திருந்தது. 2018-ல் ஜோஷுவா டாபரர் அதில் ஒரு சிறு பிழையைக் கண்டு புல் ரிக்வெஸ்ட் (இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்ப, ஏற்றுக்கொண்டார்கள். பிரின்ஸ்டனில் இருபத்து நான்கு பேர் அளவில் கணித அறிஞர்கள் கூடி, ஹோமோடோபி டைப் தியரி பற்றி ஏறக்குறைய 600 பக்கப் புத்தகத்தை அரை வருஷத்துக்குள் எழுதி 2013-ல் வெளியிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே கிட் கிடங்கில்தான் எழுதினார்கள். ஜோயி ஹெஸ் எழுதிய ஈடிசிகீப்பர் லினக்ஸ் சர்வரின் அமைப்பு ஃபைல்களைத் தானாகப் பதிவு செய்யும். அவருடைய கிட் அனெக்ஸ் இன்னும் சுவாரஸ்யம். பெரிய வீடியோவை கிட்டுக்குள் திணிக்காமல், அது எந்த எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் கிட்டில் வைக்கும். கல்யாண வீடியோ எந்த டிஸ்க்கில் என்று அலமாரியைக் கொட்டும் வீட்டுக்கு ஏற்றது.

எனக்கு அதில் மிகப் பிடித்தது 2020-ல் சைமன் வில்லிசன் 'கிட் ஸ்கிரேப்பிங்' என்று பெயர் வைத்த வேலை. தினமும் மாறும் ஒரு வலைப்பக்கத்தைக் குறித்த நேரத்தில் எடுத்து, மாற்றம் இருந்தால் கமிட் போடுவது. அவ்வளவுதான். எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பவானிசாகரில் 105 அடி என்பது முழுக் கொள்ளளவு, 32.8 டி.எம்.சி. வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் காலம் வந்தால் அப்பா காலையில் எழுந்ததும் அணை மட்டம்தான் கேட்பார். அன்றைய மட்டம் எங்கேயும் கிடைக்கும், போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்றால் பேப்பரைத் தேட வேண்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் காலை ஒன்பது மணிக்கு மட்டத்தை எடுத்து ஒரே ஃபைலில் எழுதி கமிட் போடுகிறது. ஃபைலில் இருப்பது எப்போதும் இன்றைய எண் மட்டும். நேற்று, போன மாசம், போன வருஷம் எல்லாம் வரலாற்றில். அப்பா டிஃப் பார்க்க மாட்டார், அவருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி: 'நேத்து 91.40, இன்னிக்கு 91.15, போன வருசம் இதே நாள் 97' என்கிற மாதிரி. அதைத் தோட்டத்துச் சாலையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவது அவர் வேலை.

பாட்டு, கதை, பழைய ஏடு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் ஆடுகிறார்கள். 2024-ல் மேட்டுப்பாளையத்துப் பக்கத்து வள்ளி கும்மி ஆசிரியர் பத்திரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ கொடுத்த பிறகு இன்னும் எச்சு. ஆசிரியருக்கு ஆசிரியர் வரி மாறும், ஜெராக்ஸ் எடுக்க எடுக்க எழுத்து தேய்ந்து ஒரு சொல் இன்னொரு சொல்லாகும். தங்கை ஆடும் குழுவின் பாட்டுகளை ஊருக்கு ஒரு பிராஞ்ச்சாகப் போட்டு வைத்திருக்கிறேன். உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தாரே, அந்த வேலைதான். எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏட்டை எழுதினார்கள் என்ற விவரம் மட்டும் ஏட்டில் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்! ஒரு நுணுக்கம்: பாட்டோ கட்டுரையோ, வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். பத்தியை ஒரே வரியாக வைத்தால் ஒரு கால் எழுத்து மாறினாலும் மொத்தப் பத்தியும் மாறியதாகக் காட்டும்.

இனி படம் காட்டும் வகையறா. கிட்ஹப்பில் பச்சைக் கட்டமாக வருமே, அதில் பழைய தேதி போட்டுப் பொய்க் கமிட்டுகளை அடுக்கிப் பெயர் எழுதுவது, பூ வரைவது. ஒரு தடவை செய்து பாருங்கள், ஒரு பாடம் உண்டு: கமிட்டில் இருக்கும் தேதியும் பெயரும் எழுதுபவன் சொன்னதுதான். கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் திருப்பாமலே எந்தத் தேதியும் போடலாம். சார்பதிவாளர் முத்திரை போல அதற்கு யாரும் சாட்சி இல்லை. பட்டறைக்குள் நினைவுக்காக வைத்துக்கொள்ள அது போதும், வழக்குக்குக் கொண்டுபோய் நீட்ட உதவாது.

திருப்பூர் பிரிண்டிங்காரர்கள் கோரல் ட்ரா ஃபைலைப் போட்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், பலன் குறைவு. எம்பிராய்டரி ஃபைல், ஃபோட்டோ, கோரல் எல்லாம் கிட்டுக்குப் புரியாத உருண்டை. மாறியது என்று சொல்லும், எது மாறியது என்று சொல்லாது, இரண்டு பேர் மாற்றினால் சேர்க்கவும் தெரியாது. கிடங்கும் ஊதிக்கொண்டே போகும். கிட்ஹப் 100 எம்.பி.க்கு மேல் ஒரு ஃபைலை வாங்கவே வாங்காது. கைத்தறிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. நெசவு டிசைனுக்கு டபிள்யூ.ஐ.எஃப். என்று ஒரு டெக்ஸ்ட் வடிவம் இருக்கிறது. பாவின் 120-வது இழை மூன்றாவது விழுதில் (பாவு இழைகளைத் தூக்கும் சட்டம்) இருந்து நான்காவதுக்குப் போனால் ஒரே ஒரு வரிதான் மாறும். சென்னிமலையில் பெட்ஷீட் டிசைன் போடும் ஒருத்தரிடம் சொல்லிப் பார்த்தேன். "எம்பட தலைக்குள்ள இருக்குதுங்க, அது போதும்" என்றார். அவர் தலைக்குள் இருப்பது அவர் மகனுக்கு வேண்டியிருக்கும். ஆனால் அதை நான் போய்ச் சொல்ல முடியாது.

உங்கப்பாவிடம் கிட் என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு மெஷின், அதிகம் திரும்பி வரும் ஒரே ஒரு பாகம், அந்தப் புரோகிராமை மட்டும் ஒரு மாசம் பதிவு போட்டுப் பாருங்கள். ஆபரேட்டர்கள் முதல் வாரம் "ஓகே", "சும்மா", "அண்ணன் சொன்னது" என்றுதான் எழுதுவார்கள். திட்டாதீர்கள். பதிவைப் படித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள், யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுத ஆரம்பிப்பார்கள். கணபதிப் பட்டறையில் அந்த நைட் ஷிஃப்ட் பையன் இப்போது செட்டர், மெஷினை வேலைக்குத் தயார் செய்பவன். போன வாரம் போயிருந்தபோது கடைசிப் பதிவைத் திறந்து பார்த்தேன், ராத்திரி 2.40-க்குப் போட்டது:

"இன்செர்ட் தீந்துருச்சு, வேற கம்பெனிது போட்டிருக்கேன். ஃபீட் 0.10 ஆக்கிருக்கேன். பழைய இன்செர்ட் வந்தா 0.12 மாத்திருங்க. காலைல மொத பீஸ் பாத்துட்டு போன் பண்ணுங்ணா, முழிச்சிருப்பேன்."